ஏப்பம் வந்த பிறகு

மணி இரண்டாக இன்னும் பத்து நிமிஷம் இருக்கும்போதே அது வந்துவிட்டது. சொல்லிக்கொண்டா வரும்? நெஞ்சுக்குழிக்குச் சற்றுக் கீழே, விலா எலும்பு இரண்டும் வந்து சேருகிற இடத்தில், முதலில் யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்துகிற மாதிரி, அப்புறம் முழங்கையை வைத்து. பூங்கோதை மூச்சைப் பாதியில் நிறுத்திக்கொண்டு கையிலிருந்த அரக்குப் பட்டுப் புடவையை உதறி விரித்தாள். உதறுவதற்குக் கையைத் தூக்க வேண்டும், கையைத் தூக்கினால் அந்த இடம் இழுபடும், இழுபட்டால் வலிக்கும், வலித்தால் முகம் சுருங்கும், முகம் சுருங்கினால் எதிரே ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிற மூன்று பொம்பளைகளும் தங்களைத்தான் இவள் முறைக்கிறாள் என்று நினைத்துக்கொள்வார்கள். அதனால் சிரித்தாள். பதினோரு வருஷமாக இந்தக் கடையின் மூன்றாவது மாடியில், பட்டுப் பிரிவில், சிரித்துக்கொண்டே நிற்கிற உத்தியோகம். லால்குடிப் பக்கத்திலிருந்து முகூர்த்தப் புடவை எடுக்க வந்திருக்கிறார்களாம். கல்யாணப் பெண், அவள் அம்மா, எதைக் காட்டினாலும் உதட்டைப் பிதுக்குகிற ஒரு பெரியம்மா. இதுவரை நாற்பத்தொரு புடவை விரித்தாயிற்று. வைகாசி முகூர்த்தம் நெருங்குகிறது என்றால் கடையில் சாப்பாட்டை நாலு செட்டாகப் பிரித்துவிடுவார்கள், அவளுக்கு நாலாவது செட், மூன்றரை மணி. காலையில் ஏழரைக்குத் தின்ற இரண்டு இட்லி எந்த ஊர் போய்ச் சேர்ந்ததோ. காலி வயிற்றில் காற்று மட்டும் உட்கார்ந்துகொண்டு, மேலேயும் வராமல் கீழேயும் போகாமல், இது என் வீடு என்று சட்டமாக இருந்தது.

மேலே வந்தால்தான் என்ன செய்ய முடியும். ஒரு ஏப்பம் விட இந்த இடத்தில் இடமில்லையே. பட்டுப் பிரிவில் ஏசி சில்லென்று இருக்கும், சத்தமே இருக்காது, ஜரிகை சரசரப்பதுகூடக் கேட்கும். போன வருஷம் புதிதாகச் சேர்ந்த ஒருத்தி கஸ்டமர் முன்னாடி ஏவென்று விட்டுவிட்டாள் என்று மாடிக்குப் பொறுப்பான ஃப்ளோர் சார் அவளைத் துண்டு, பெட்ஷீட் பிரிவுக்கு அனுப்பிவிட்டார். ஏப்பத்துக்கே இந்தக் கதி என்றால் கீழ்க்காற்றைப் பற்றிப் பேசவே வேண்டாம். அதற்குத்தான் பாத்ரூம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, ஐந்தாவது மாடியில் இருக்கிறது, லிப்ட் கஸ்டமருக்கு மட்டும், இவர்கள் படியேற வேண்டும். போவதற்குக் கஸ்டமர் காதில் விழாமல் பக்கத்து கவுண்டர்க்காரியிடம் "பத்து" என்று சொல்ல வேண்டும், அதுதான் இங்கே குறிச்சொல். ஒரு நாளைக்கு இரண்டு பத்துக்கு மேல் போனால் ஃப்ளோர் சார் கடிகாரத்தைப் பார்ப்பார், வாயைத் திறந்து ஒன்றும் சொல்ல மாட்டார், பார்ப்பார், அவ்வளவுதான், அந்தப் பார்வைக்கே வந்ததும் உள்ளே போய்விடும். பூங்கோதை இன்றைக்கு இரண்டு பத்தையும் தீர்த்துவிட்டாள். போய் நின்றதுதான் மிச்சம், கதவுக்கு வெளியே நாலு பேர் தட்டிக்கொண்டிருந்தால் வருவதும் வருமா? பதினோரு வருஷம் அடக்கி அடக்கி இந்த உடம்புக்கு விடத் தெரியாமலே போய்விட்டது. "இதே கலர்ல பார்டர் மட்டும் சின்னதா இருக்கா?" என்று பெரியம்மா கேட்டாள். "இருக்கும்மா, எடுக்கறேன் பாருங்க" என்று திரும்பி மேல் அலமாரியை எட்டினாள், முழங்கை இன்னும் ஆழமாக இறங்கியது.

அடக்கக் கூடாது என்றுதான் போன மாசம் இந்த வலிக்காகப் போய்ப் பார்த்த டாக்டரம்மாவும் சொன்னாள். வேகமாகச் சாப்பிடக் கூடாது, பேசிக்கொண்டே சாப்பிடக் கூடாது, சாப்பாட்டோடு காற்றையும் சேர்த்து விழுங்குகிறீர்கள், வயிறு காயக் கூடாது, நேரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட வேண்டும், சாப்பிட்டதும் மெதுவாக நடக்க வேண்டும், சோடா கூடாது, காரம் கூடாது. எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வந்தாள். ஆறாவது மாடிச் சாப்பாட்டு ஹாலுக்கு ஏறி இறங்குவதோடு சேர்த்து இருபது நிமிஷம், அதில் கை கழுவ வரிசை, உட்கார வரிசை, கையில் மிஞ்சுவது எட்டு நிமிஷம். அந்த எட்டு நிமிஷத்தில் எதை மெல்ல, எங்கே மெதுவாக நடக்க? நல்ல டாக்டர்தான், கோபக்காரி என்றாலும் நல்லவள். ஈசிஜி எடுத்துப் பார்த்துவிட்டு, "இதயத்துல ஒண்ணும் இல்ல, பயப்படாதீங்க. முக்கால்வாசி கேஸ் தொந்தரவுதான். ஆனா மாசக்கணக்கா ஒரே இடத்துல வலிக்குதுன்னா உள்ள என்னன்னு பாத்துடணும். புண்ணா இருக்கலாம், பித்தப்பையில கல்லா இருக்கலாம், ஒண்ணுமே இல்லாமலும் இருக்கலாம். கேமரா விட்டுப் பாத்துடுவோம்" என்றாள். ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம் என்பதற்கு முன்னால் இன்னொன்றைச் சொல்ல வாயெடுத்து விழுங்கினாளோ? விழுங்கினாள், பூங்கோதை பார்த்தாள். "எடை குறைஞ்சிருக்கா?" என்று கேட்டாள். "இல்ல டாக்டர்" என்றாள் இவள், கொஞ்சமும் யோசிக்காமல். யூனிபார்ம் ஜாக்கெட்டை அந்த மாசத்திலேயே இரண்டு தடவை பிடித்துத் தைத்துவிட்டு வந்தவள். ஏன் பொய் சொன்னாள்? அதைத்தான் தினமும் தன்னையே கேட்டுக்கொள்கிறாள். இரண்டு வாரத்துக்குள் எடுக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்த சீட்டு, இடுப்பில் செருகிய சுருக்குப்பையில் மடிந்து கிடக்கிறது. இன்றோடு ஆறு வாரம். மடிப்பில் காகிதம் கிழிய ஆரம்பித்துவிட்டது.

அப்போது மைக் கரகரத்தது. பூங்கோதையின் கை அப்படியே நின்றது. "தரைத்தளம் பில்லிங் கவுண்டர், சிவப்பு நிறக் கைப்பையைத் தவறவிட்டவர் வந்து பெற்றுக்கொள்ளவும்." கைப்பைதான். ஒன்றுமில்லை. மூன்று வருஷமாக இந்த மைக் கரகரக்கும்போதெல்லாம் தன் பெயர் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொள்வாள். வேலை நேரத்தில் போன் வைத்துக்கொள்ளக் கூடாது, வரும்போதே கீழே லாக்கரில் வைத்துப் பூட்ட வேண்டும், வீட்டில் அவசரம் என்றால் கடை நம்பருக்குக் கூப்பிட வேண்டும், கடை மைக்கில் கூப்பிடும். அந்த வருஷத்து ஆடித் தள்ளுபடி முதல் நாள், பத்தரை மணி, மாடி முழுக்கத் தலை, அதற்கு நடுவில் ஒரு இனிமையான பெண் குரல்: "மூன்றாவது மாடி பட்டுப் பிரிவு பூங்கோதை, உடனே ரிசப்ஷனுக்கு வரவும்." பக்கத்து வீட்டுக்காரர்தான் கூப்பிட்டிருந்தார். அவள் புருஷன் ஞானசேகரன் சோபாவில் உட்கார்ந்தபடியே போய்விட்டார். ஐம்பது வயசு முடியவில்லை. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற மனுஷன், பதினாறு வருஷத்தில் காய்ச்சல் என்றுகூட ஒரு நாள் வேனை நிறுத்தாதவர், அன்றைக்குக் காலையில் மட்டும் வேறொருத்தரை ஓட்டச் சொல்லிவிட்டு நெஞ்சுக்குழியைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதிலேயே தெரிந்திருக்க வேண்டாமா? "கேஸ் பிடிச்சிருக்கு போல கோதை, மேல் வயித்துல அடைக்குது." இவளும், "நேத்து ராத்திரி உருளைக்கிழங்கை அந்தத் தின்னு தின்னா பிடிக்காதா" என்றாள். ஓமம் வறுத்துத் தண்ணீர் கொதிக்க வைத்துக் கொடுத்தாள். முதலில், ஆஸ்பத்திரிக்கு ஒரு எட்டுப் போய் வந்துடலாமா என்று கேட்டார். ஓமத்தண்ணீர் கொடுத்தாள். குடித்தார். ஏப்பம் வந்தது, தெருமுனை வரைக்கும் கேட்கிற மாதிரி ஒரு ஏப்பம். சிரித்தார். இவளும் சிரித்தாள். கிளம்பினாள். இந்த வரிசையில்தான் நடந்தது. கேட்டார், குடித்தார், ஏப்பம் விட்டார், சிரித்தார். சரியாகிவிட்டது என்று பார்த்துவிட்டுத்தானே கிளம்பினாள்? யார்தான் கிளம்ப மாட்டார்கள்?

"ஏம்மா, உடம்புக்கு முடியலையா? வேர்க்குதே" என்றாள் பெரியம்மா. பரவாயில்லையே, உதட்டைப் பிதுக்கினாலும் கண் இருக்கிறது. "ஒண்ணுமில்லம்மா, லேசா கேஸ்" என்றாள். சொன்னதுதான் தாமதம், பெரியம்மா புடவையைத் தள்ளி வைத்துவிட்டாள். "அதைச் சொல்லு! எனக்கும் அதே எழவுதான், இருபது வருஷமா. பூண்டைச் சுட்டுத் தேன்ல தொட்டு வெறும் வயித்துல தின்னு. மோர்ல பெருங்காயம் போட்டுக் குடி." அம்மாக்காரி, "இஞ்சி மொரப்பா நல்லதுக்கா" என்றாள். கல்யாணப் பெண் போனைப் பார்த்துக்கொண்டே, "இடது பக்கமாப் படுத்தா போயிடுமாம்" என்றாள். பக்கத்து கவுண்டரில் காட்டன் புடவையை மடித்துக்கொண்டிருந்த ஸ்டெல்லா, "நானும் சொல்லிட்டேதாம்மா இருக்கேன், அக்கா கேட்டாத்தானே. வாய்விட்டு ஒரு ஏப்பம் வந்துட்டா எல்லாம் சரியாப் போயிடும்" என்றாள். நாலு பேர் சேர்ந்தால் நாட்டு நடப்பு பேசுவார்களோ இல்லையோ, வாயுவைப் பேசாமல் விட மாட்டார்கள். ஒரு வீடு பாக்கி இல்லாமல் இருக்கிறது இந்த வியாதி. அதனால்தான் இதைக் கண்டு யாரும் பயப்படுவதில்லை. மற்ற எந்த வலிக்கும் ஐயோ என்பார்கள், இதற்கு மட்டும் கைப்பக்குவம் சொல்வார்கள். அவளும் சொன்னவள்தானே. அவள் வீட்டு அடுப்படியில் ஓம டப்பா இன்னும் அதே இடத்தில் இருக்கிறது. தூக்கி எறிய வேண்டும் என்று நினைத்து நினைத்து எறியவில்லை, அன்றைக்குப் பிறகு திறக்கவும் இல்லை. இந்த வலி ஆரம்பித்த முதல் நாள் அந்த டப்பாவுக்குக் கை நீண்டது, நீண்ட கையை அவளே தட்டிவிட்டாள்.

டாக்டரிடம் பொய் ஏன் சொன்னாள் என்றால் இதற்காகத்தான் இருக்கும். அவருக்கு ஒரு டம்ளர் ஓமத்தண்ணி, எனக்குக் கேமராவா? அவரை சோபாவில் உட்கார வைத்துவிட்டு வந்தவள், தான் மட்டும் டாக்டரிடம் போய் நாக்கை நீட்டிக் காட்டி, ஈசிஜி எடுத்துக்கொண்டு, உள்ளே கேமராவும் விட்டுப் பார்த்துக்கொண்டு நூறு வயசு இருக்க வேண்டுமா? அதே இடம். அவர் கை வைத்துத் தடவிய அதே இடத்தில்தான் இவளுக்கும். டாக்டர் வேறு வேறு என்கிறாள், அவருக்கு இதயம், உங்களுக்கு இரைப்பை, சம்பந்தமே இல்லை என்கிறாள். படித்தவள் சொல்வது சரியாகத்தான் இருக்கும். ஆனாலும் இரவில் படுத்தால், அவர் விட்டுப்போன வலியை நான் வாங்கிக்கொண்டேன் என்றுதான் தோன்றும், தோன்றினால் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருக்கும், அப்புறம் மகள் இலக்கியாவின் முகம் வந்து அந்த ஆறுதலைப் பிடுங்கிக்கொண்டு போய்விடும். கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் இருக்கிறாள், இரண்டாம் வருஷம். அப்பாவும் இல்லை. நாளைக்கு இவளுக்கும் ஒன்று ஆனால் அந்தப் பெண் விடுமுறைக்கு எந்த வீட்டுக் கதவைத் தட்டும்? ஞாயிற்றுக்கிழமை போனில், "அம்மா, டாக்டரைப் பாத்தியே, என்ன சொன்னாங்க?" என்று கேட்டாள். "வெறும் கேஸ்தான்டி" என்றாள். எவ்வளவு சுலபமாக வருகிறது அந்த வார்த்தை வாயில்! அன்றைக்கும் இப்படித்தான் வந்தது. மைக்கில் கூப்பிட்ட பிறகு கீழே ஓடி லாக்கரைத் திறந்தால் போனில் மூன்று தவறிய அழைப்பு. ஒன்பது நாற்பது, ஒன்பது நாற்பத்தாறு, ஒன்பது ஐம்பத்தைந்து. மூன்றும் அவர்தான். இலக்கியாவுக்கு அது தெரியாது. யாருக்கும் தெரியாது, அன்றைக்கே அழித்துவிட்டாள். என்ன சொல்லக் கூப்பிட்டாரோ. பக்கத்து வீட்டைக் கூப்பிடாமல் இவளை ஏன் கூப்பிட்டார்? பெண்டாட்டி சொன்னால்தான் ஆஸ்பத்திரிக்குப் போவேன் என்று இருந்தாரா, பாவி மனுஷன்.

"சரிம்மா, அந்த மாம்பழக் கலரும் இந்த அரக்கும் தனியா எடுத்து வை, நாங்க கீழ போய் இவ அப்பாவைக் கூட்டிட்டு வந்து காட்டறோம்" என்று மூன்று பேரும் எழுந்தார்கள். போகும்போது பெரியம்மா, "பூண்டு, மறந்துடாத" என்றாள். கவுண்டரில் நாற்பத்து மூன்று புடவை மலையாகக் குவிந்து கிடந்தது. கஸ்டமர் நகர்ந்ததும் மடித்து அடுக்கிவிட வேண்டும், விரித்த புடவையை விட்டுவிட்டு கவுண்டரை விட்டு நகரவே கூடாது, அது இந்த மாடியின் முதல் சட்டம். பூங்கோதை ஒன்றை எடுத்து மடிப்பைப் பிடித்தாள். அப்போதுதான் உள்ளே இருந்தது பிடரி வரைக்கும் ஏறியது. கண் இருட்டியது. முதுகில், தோள்பட்டைக்குள் ஒரு குத்து. கவுண்டர் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள், அந்தக் குனிவில் எதுவோ புரண்டது, தொண்டை தானாகத் திறந்தது, அடக்க நினைப்பதற்குள் வந்துவிட்டது. ஏசி சத்தத்தை மீறி, மாடி முழுக்கக் கேட்கிற மாதிரி ஒரு நீள ஏப்பம். இரண்டு கவுண்டர் தள்ளி நின்ற கஸ்டமர் திரும்பிப் பார்த்தாள். ஃப்ளோர் சார் கடிகாரத்தைப் பார்க்கவில்லை, இவளையே பார்த்தார். ஸ்டெல்லா மட்டும் முகமெல்லாம் மலர்ந்து ஓடிவந்தாள். "அப்பாடா, வந்துடுச்சா! அவ்ளோதாங்க்கா, இனிமே ஒண்ணுமில்ல" என்று முதுகைத் தடவினாள். அய்யோ, என்ன சுகம் அது. சொல்லக் கூடாது, அப்படி ஒரு சுகம். பத்து விரலும் தளர்ந்தது, மூச்சு அடிவரைக்கும் போய் வந்தது, சிரிப்புகூட வந்தது. இப்படித்தான் சிரித்தார். இதே சிரிப்புத்தான். பூங்கோதை சிரித்துக்கொண்டே கையை வயிற்றில் வைத்தாள். காற்று போன இடத்துக்குக் கீழே, அது அப்படியே இருந்தது. சின்னதாக, சத்தமில்லாமல், நகராமல், ஏப்பத்துக்கும் எனக்கும் என்ன என்கிற மாதிரி இருந்தது.

அப்போது செருப்பு ஞாபகம் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று அவர் கேட்டபோது இவள் காலில் ஒரு செருப்பு இருந்தது, இன்னொன்றைக் குனிந்து மாட்டிக்கொண்டிருந்தாள், தோளில் பை இருந்தது. வாசல்படி. செருப்புப் போட்டுக்கொண்டு அவள் என்றைக்காவது அடுப்படியில் ஓமம் வறுத்திருக்கிறாளா? மூன்று வருஷமாக இந்தச் செருப்பு வந்து வந்து போகும், அதை ஒதுக்கிவிட்டு, கேட்டார், குடித்தார், ஏப்பம் விட்டார், சிரித்தார் என்று மறுபடி முதலிலிருந்து அடுக்குவாள், சரியாகத்தான் இருக்கிறது என்று சொல்லிக்கொள்வாள். இல்லை. குடித்தார். ஏப்பம் விட்டார். சிரித்தார். அப்புறம்தான், இவள் வாசலுக்குப் போன பிறகுதான், சிரித்த வாய் மூடாமலே, கூச்சப்பட்டுக்கொண்டு, ஒரு எட்டு ஆஸ்பத்திரிக்குப் போய் வந்துடலாமா கோதை என்று கேட்டார். ஏப்பம் வந்த பிறகு கேட்டார். சுகமாக இருந்தும் கேட்டார். இதோ இப்போது இவளுக்கு இருக்கிற மாதிரி அவருக்கும் அடியில் இருந்திருக்கிறது, அது அவருக்குத் தெரிந்திருக்கிறது. அதற்கு இவள் செருப்பு வாரைப் பார்த்துக்கொண்டே என்ன சொன்னாள்? சொன்னது நினைவிருந்தது. எப்போதும் நினைவிருந்தது.

"ஸ்டெல்லா" என்றாள். குரல் வேறு யாருடையதோ மாதிரி, கூச்சத்தோடு வந்தது. "என்னை ஒரு எட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறியா?"

ஸ்டெல்லா சிரித்தாள். அன்பான பெண், தன் தங்கை மாதிரி பழகுகிறவள், முதுகில் வைத்த கையை இன்னும் எடுக்கவில்லை. "அதான் ஏப்பம் வந்துடுச்சேக்கா, இனி என்ன?" என்றாள்.

அதே வார்த்தை. அக்கா ஒன்றைத் தவிர, அன்றைக்கு இவள் அவரிடம் சொன்ன அதே வார்த்தை. அதில் ஒரு கெட்ட எண்ணமும் இல்லை, அவசரம்கூட இல்லை, சரியாகிவிட்டதே என்கிற சந்தோஷம்தான் இருந்தது. அன்றைக்கு நானும் அந்தச் சந்தோஷத்தில்தான் சொன்னேனோ என்று பூங்கோதைக்குத் தோன்றியது. தோன்றியதும் கண் நிறைந்துவிட்டது. அப்படியே சொல்லியிருந்தாலும் ஆள் போனது போனதுதானே. "நீ கவுண்டரைப் பாத்துக்க" என்றாள். "பத்தாக்கா? மூணாவது பத்து, சார் பாக்கறாரு" என்று ஸ்டெல்லா கிசுகிசுத்தாள். "பத்து இல்ல" என்றாள் பூங்கோதை.

மடிப்பில் பாதியில் நின்ற புடவையைக் குவியலின் மேல் போட்டாள். மலையில் ஒன்றைக்கூட மடிக்கவில்லை. இடுப்பிலிருந்து சுருக்குப்பையை எடுத்துப் பிரித்து, சீட்டு இருக்கிறதா என்று பார்த்தாள். ஒரு கை வயிற்றில் இருக்க, ஒரு கையால் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு படியிறங்க ஆரம்பித்தாள். எடை குறைந்திருக்கிறது டாக்டர், ஜாக்கெட்டை இரண்டு தடவை பிடித்திருக்கிறேன், அன்றைக்குப் பொய் சொல்லிவிட்டேன் என்று படிக்குப் படி சொல்லிப் பார்த்துக்கொண்டே இறங்கினாள். என்ன இருக்குமோ, எவ்வளவு தூரம் போயிருக்குமோ, ஆறு வாரம் என்பது அதிகமா குறைச்சலா, ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவது மாடித் திருப்பத்தில் மைக் கரகரத்தது. "மூன்றாவது மாடி பட்டுப் பிரிவு பூங்கோதை, உடனே கவுண்டருக்கு வரவும்." அதே இனிமையான குரல். அவள் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, லாக்கரில் இருக்கிற போனை எடுப்பதற்காக, கீழே இறங்கிக்கொண்டே இருந்தாள்.